எண் இங்கே, வண்டி எங்கே?

சக்கரம் வந்த வழி – 14

பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி எண் பலகையைப் பார்க்க வேண்டுமானால் வில்லியனூர் கடைத்தெருவில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பால் கேன் கட்டிய மொபெட், செங்கல் ஏற்றிய டாடா ஏஸ், பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு போகும் ஸ்கூல் ஆட்டோ என்று வரிசையாக வரும். அதே இரண்டு எழுத்துகளை கோடி ரூபாய் ஜெர்மன் காரில் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் பஸ் ஏற வேண்டும். கொச்சியிலும் பெங்களூரிலும் பெரிய ஓட்டல் வாசல்களில் அவை நிற்கும். பலகையில் நம் ஊர். வண்டியின் டயரில் நம் ஊர் மண் ஒட்டியிருக்குமா என்று தேட வேண்டாம்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த வண்டிகள் எல்லாம் எதையாவது சுமக்க வந்தவை. பின்னாலிருந்து ஆள் தள்ளிய புஷ்-புஷ் வண்டி துரைமார்களைச் சுமந்தது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாக வந்த மீட்டர்கேஜ் ரயில் மூட்டைகளைச் சுமந்தது. இந்த வாரம் எதையும் சுமக்க வராத ஒரு வகைக் காரைப் பார்க்கப்போகிறோம். எண்ணி எண்ணித்தான் செய்வார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய காரின் சாயல் இருக்கும். மூடியைத் திறந்தால் பந்தயக் குதிரை. வாங்குபவருக்கு அதை ஓட்டுவதைவிட வைத்திருப்பதில்தான் பெருமை. இந்த வகையின் வேரைத் தேடிப் போனால் கீழூர் வாக்கெடுப்பு நடந்த அதே மழைக்காலத்தில் போய் நிற்கிறோம்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தார்கள், எதிராக 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறியது. நாம் கொடி மாற்றிய அந்த நவம்பரில்தான் மியூனிக்கின் பி.எம்.டபிள்யூ கம்பெனி, ஆல்பிரெக்ட் ஃபான் கோர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வரைந்து தரும் வேலையை ஒப்படைத்தது.

அன்றைய பி.எம்.டபிள்யூவை இன்றைய பி.எம்.டபிள்யூ என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. போரில் விமான எஞ்சின் செய்து கொடுத்த கம்பெனி. தோற்றபின் அந்தத் தொழில் போயிற்று. கார் செய்த ஐசனாக் தொழிற்சாலை சோவியத் பக்கம் மாட்டிக்கொண்டது. மிச்சமிருந்தது மியூனிக்கும் மோட்டார் சைக்கிளும். 1950-களில் அது இரண்டு எதிர்த் திசைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பணக்காரர்களுக்கான பெரிய 501, 502 கார்கள். செய்யச் செய்ய நஷ்டம். மறுபக்கம் இத்தாலியின் ஈஸோ கம்பெனியிடம் உரிமம் வாங்கி 1955 முதல் செய்த ஈசெட்டா. முட்டை வடிவம், முன்பக்கமே கதவு, மோட்டார் சைக்கிள் எஞ்சின். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினால் ஸ்டீயரிங்கும் கூடவே வந்து மடியில் நிற்கும். அது 1,60,000-க்கு மேல் விற்றது. கம்பெனிக்குச் சோறு போட்டது ஈசெட்டாதான். ஆனால் சோறு போடுகிறவனைப் படம் எடுத்து மாட்டுகிற வழக்கம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

படம் எடுத்து மாட்டக்கூடிய காரைக் கேட்டவர் மாக்ஸ் ஹாஃப்மன். வியன்னாக்காரர், நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்து விற்றவர். பார்க் அவென்யூவில் அவருடைய ஷோரூமை வடிவமைத்தது ஃபிராங்க் லாயிட் ரைட் என்றால் வியாபாரத்தின் அளவு புரியும். மெர்சிடிஸை நச்சரித்து, பந்தயக் காராக இருந்த 300 எஸ்.எல்.லைச் சாலைக்குக் கொண்டுவரச் செய்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த விலை உயர்ந்த மெர்சிடிஸுக்கும், மலிவான ஆங்கிலேய எம்.ஜி., டிரையம்ஃப் கார்களுக்கும் நடுவில் பெரிய இடம் காலியாகக் கிடக்கிறது. 5,000 டாலருக்கு ஒரு கார் கொடுங்கள், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் விற்றுத் தருகிறேன் என்பது அவர் கணக்கு. கம்பெனியின் ஆள் ஒருவர் முதலில் வரைந்த காரை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கோர்ட்ஸை உள்ளே அனுப்பியதும் அவர்தான்.

கோர்ட்ஸ் 1914-ல் பிறந்த ஜெர்மன் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. 1936-ல் அமெரிக்காவுக்குப் போய், ரேமண்ட் லோவியின் நிழலில் தொழில் படித்தவர். அவர் வரைந்த கார்தான் 507. நீண்ட முன்புறம், பின்னால் சற்றே இறங்கிய உட்காரும் இடம், முன் சக்கரத்துக்குப் பின்னால் செவுள் போன்ற காற்றுத் துளை. அன்றைய பெரிய பி.எம்.டபிள்யூக்களில் நிமிர்ந்து நிற்கும் சிறுநீரக வடிவ முகப்பை இதில் படுக்கவைத்து அகலமாக இழுத்துவிட்டார். 1955-ல் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் காட்டினார்கள். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 1956-ல் தயாரிப்பு தொடங்கியது.

கணக்கு அங்கேதான் கெட்டது. உடல் முழுக்க அலுமினியம். அதைத் தொழிலாளிகள் கையால் தட்டித் தட்டி உருவாக்கினார்கள். ஒரு காரின் மேல்கூரையைக் கழற்றி அடுத்த காரில் வைத்தால் சரியாகப் பொருந்தாது என்று இன்றும் சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எஞ்சினும் முழு அலுமினிய வி8, 3.2 லிட்டர், 150 குதிரைத்திறன். இப்படிச் செய்தால் 5,000 டாலருக்கு எப்படித் தருவது? அமெரிக்காவில் விலை 9,000-ஐத் தொட்டு, 10,500 வரை ஏறியது. ஹாஃப்மன் பார்த்து வைத்திருந்த காலி இடத்தை அது தாண்டிப் போய்விட்டது. 1959 வரை தட்டிக்கொண்டிருந்ததில் மொத்தம் 252 கார்கள். ஒவ்வொன்றிலும் கம்பெனிக்குக் கைநஷ்டம்.

வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு சினிமாப் பட்டியல் மாதிரி இருக்கிறது. அமெரிக்க ராணுவச் சிப்பாயாக ஜெர்மனிக்கு வந்த எல்விஸ் பிரெஸ்லி ஒரு வெள்ளை 507 வைத்திருந்தார். அதற்கு முன் அதே வண்டியை ஹன்ஸ் ஸ்டுக் என்ற பந்தய வீரர் ஓட்டியிருந்தார். எல்விஸின் விசிறிகள் லிப்ஸ்டிக்கால் காதல் குறிப்புகளை வண்டி மேலேயே எழுதிவிட்டுப் போவார்களாம். துடைத்து மாளாமல் அவர் அதற்குச் சிவப்பு வண்ணம் அடித்துவிட்டார். பிறகு அமெரிக்காவில் எங்கோ கிடந்த அந்தக் காரை மியூனிக்குக் கொண்டுபோய், மீண்டும் வெள்ளையாக்கி, 2016-ல் மக்களுக்குக் காட்டினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது ஜான் சர்ட்டீஸின் 507. மோட்டார் சைக்கிளிலும் ஃபார்முலா 1 காரிலும் உலகப் பட்டம் வென்ற ஒரே மனிதர் அவர். 1956-ல் 500 சிசி பட்டம் வென்றதையொட்டி அவருடைய முதலாளி கவுண்ட் அகுஸ்தா தூண்டுதலில் கைக்கு வந்த கார் அது. கடைசிவரை தன்னிடமே வைத்து ஓட்டினார். அவர் இறந்தபின் 2018-ல் இங்கிலாந்தில் ஏலம் போனபோது 38 லட்சம் பவுண்டு.

507 ஒன்றே கம்பெனியைக் கவிழ்த்தது என்று சொல்வது மிகை. பெரிய கார்களின் நஷ்டமும் சேர்ந்தது. ஆனாலும் 1959 டிசம்பர் 9 அன்று மியூனிக்கில் கூடிய பங்குதாரர் கூட்டத்தில் பி.எம்.டபிள்யூவை டைம்லர்-பென்ஸ், அதாவது மெர்சிடிஸ் கம்பெனி விழுங்குவதற்கான திட்டம் மேசையில் இருந்தது. சின்னப் பங்குதாரர்களும் கார் டீலர்களும் எழுந்து நின்று எதிர்த்தார்கள். ஃபிரிட்ரிக் மாத்தெர்ன் என்ற வழக்கறிஞர் கணக்கிலேயே ஓட்டையைக் காட்டினார். திட்டம் விழுந்தது. பிறகு ஹெர்பர்ட் குவாண்ட் தன் பணத்தைப் போட்டுக் கம்பெனியை நிறுத்தினார். 507 மாதிரி ஒன்றை இனி செய்ய மாட்டோம் என்று சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த முப்பத்தெட்டு வருஷத்தைத் தாண்டிவிடலாம். கம்பெனி நடுத்தர வர்க்கத்துக்கு நல்ல கார் செய்து பணக்காரக் கம்பெனியாயிற்று. சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சுவாரசியம் அதில் இல்லை.

1997 டோக்கியோ கண்காட்சியில் இசட் 07 என்று ஒரு காட்சிக் கார் வந்து நின்றது. வரைந்தவர் டென்மார்க்காரரான ஹென்ரிக் ஃபிஸ்கர். எண்ணிலேயே வெளிப்படை: 507-ஐ நிறுத்தாமல் செய்துகொண்டே வந்திருந்தால் இன்று எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. அதே படுத்த முகப்பு, அதே செவுள், அதே நீண்ட முன்புறம். பார்த்தவர்கள் விடவில்லை. சாலைக்கு வந்தபோது பெயர் இசட் 8. 2003-ல் நிறுத்தும்வரை 5,703 கார்கள். 507-ஐக் கையால் வரைந்த கோர்ட்ஸ் 2006 வரை உயிரோடிருந்தார். தன் கோடுகள் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இந்த முறை கணக்கில் தவறில்லை. எம்5 என்ற தங்கள் வேக செடானின் 4.9 லிட்டர் வி8 எஞ்சினை அப்படியே எடுத்து வைத்தார்கள்: 400 குதிரைத்திறன், நிறுத்தத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.7 விநாடி, 250-ல் மின்னணுக் கடிவாளம். கியர் ஆறும் கையால் மாற்ற வேண்டியவை, ஆட்டோமேட்டிக்கே கிடையாது. அலுமினியச் சட்டத்தை டிங்கோல்ஃபிங் ஆலையில் செய்து, மியூனிக்கில் கையால் முடித்தார்கள். உள்ளே வேக முள்களை டாஷ்போர்டின் நடுவில் வைத்து ஓட்டுபவர் பக்கம் லேசாகச் சாய்த்திருப்பார்கள். ஸ்டீயரிங்கில் பழைய காலத்து மெல்லிய கம்பிகள். ரேடியோவைக்கூட மூடிக்குள் ஒளித்துவிட்டார்கள், 1950-களின் முகம் கெட்டுவிடுமாம்! பின் விளக்குகள் மட்டும் நியான். அமெரிக்க விலை 1,28,000 டாலர். விற்ற ஒவ்வொரு காருக்கும் 50 ஆண்டுக்கு உதிரிபாகம் இருப்பில் வைப்போம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்தது.

கடைசி வாக்குறுதியைக் கவனியுங்கள். ஓடித் தேய்ந்து கழிக்கப்போகிற வண்டிக்கு யாரும் 50 வருஷத்து உதிரிபாகம் அடுக்கி வைப்பதில்லை. இது ஓட்டை உடைசல் ஆகக்கூடாத வண்டி என்பதைக் கம்பெனி விற்கும் நாளிலேயே ஒப்புக்கொள்கிறது.

1999-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பியர்ஸ் பிராஸ்னன் இந்தக் காரை ஓட்டினார். ஹெலிகாப்டரில் தொங்கும் ரம்பங்கள் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடும். படப்பிடிப்பின்போது நிஜக் கார் முழுதாகத் தயாராகவில்லை. மாதிரிகளை வைத்துச் சமாளித்தார்கள். ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் இசட் 8 வைத்திருந்தார். அது 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 3,29,500 டாலருக்குப் போயிற்று. அல்பினா என்ற சிறு கம்பெனி அதே காரில் ஆட்டோமேட்டிக் கியரும் மெத்தையான சஸ்பென்ஷனும் வைத்து 555 கார்கள் செய்தது. ஐந்து ஐந்தாக அந்த எண் வந்ததைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. எண்ணிக்கையே அலங்காரமாக மாறிவிட்டது.

அந்தச் சில ஆண்டுகளில் ஜெர்மனி முழுக்கப் பழசின் மேல் மோகம். ஃபோக்ஸ்வாகன் 1998-ல் புது பீட்டில் கொண்டுவந்தது. டாஷ்போர்டில் பூ வைக்க ஒரு குவளையும் சேர்த்து. பி.எம்.டபிள்யூவே 2001-ல் மினியைப் புதுப்பித்தது. டுல்மன் ஊரில் வீஸ்மன் என்ற சிறு கம்பெனி, பி.எம்.டபிள்யூ எஞ்சினைப் போட்டு, 1950-களின் சாயலில் கார் செய்து, பல்லியைச் சின்னமாக வைத்துக்கொண்டு 2013-ல் திவாலாகியது. போர்ஷே இன்னும் சாமர்த்தியம். 1973-ன் கரேரா ஆர்.எஸ். காரின் வாத்துவால் இறக்கையை 2009-ல் மறுபடி ஒட்டி, 911 ஸ்போர்ட் கிளாசிக் என்று 250 மட்டுமே செய்தது. 2022-ல் அதே பெயரில் இன்னொன்று, 1,250 மட்டும். விலையைவிட அந்த 'மட்டும்'தான் விற்பனைச் சரக்கு.

என் கருத்து கேட்டால், பூக்குவளை பீட்டில் வெறும் வேஷம். இசட் 8 வேஷமில்லை. உள்ளே இருக்கும் எஞ்சின் பொய் சொல்லவில்லை. ஆனாலும் 507-க்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 507 ஆயிரக்கணக்கில் ஓடவேண்டும் என்று செய்து, முடியாமல் 252-ல் நின்றது. பின்னால் வந்தவை நிற்க வேண்டிய இடத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டு பிறந்தவை. ஓடாமல் நிற்கும் வண்டி நமக்குப் புதிதில்லை: வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரும் ஆண்டில் ஒரு நாள்தான் ஓடுகிறது. அதன் வடத்தைப் பிரெஞ்சு கவர்னர் பிடித்து இழுத்த காலம் உண்டு. இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். ஆனால் அவர் ஒருவர் இழுத்தால் நகராது; தேர் ஊருக்குச் சொந்தம், இந்தக் கார் ஒருவருக்கு.

இந்தியாவுக்கு வருவோம். பி.எம்.டபிள்யூ சென்னைக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை திறந்தது 2007-ல். அதற்கு நான்கு வருஷம் முன்னாலேயே இசட் 8 நின்றுவிட்டது. நின்றிராவிட்டாலும் வந்திருக்காது. அந்தக் காரை இடப்பக்க ஸ்டீயரிங்கில் மட்டுமே செய்தார்கள். நம் இறக்குமதி விதியோ ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்கிறது. ஓடிய காராக இருந்தால் மூன்று வயதைத் தாண்டியிருக்கவும் கூடாது. புதிதாக முழு வண்டியை இறக்கினாலோ, 2013 முதல் 40,000 டாலருக்கு மேற்பட்ட கார்களுக்குச் சுங்கவரி நூறு சதவீதமாக இருந்தது. காரின் விலை ஒன்று, அரசுக்கு இன்னொரு கார்.

அத்தனையும் கட்டி ஒருவர் ஒரு போர்ஷேயையோ பெரிய மெர்சிடிஸையோ துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பதிவு. புதுச்சேரி கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான்.

வாகனத்துக்கான ஆயுள் வரி மத்திய அரசின் கையில் இல்லை, மாநிலத்தின் கையில். 2017 வாக்கில் கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அது விலையில் 20 சதவீதமாக இருந்தது. கர்நாடகத்தில் 18, அதன்மேல் செஸ். தமிழ்நாட்டில் அன்று பத்து லட்சத்துக்கு மேல் 15. புதுச்சேரியில் சதவீதமே இல்லாமல், விலை வரம்பு வைத்து நிலையான தொகை. பத்து லட்ச ரூபாய் காருக்கு இது பெரிய விஷயமில்லை. கோடியைத் தொடும் காருக்குக் கேரளத்தில் கட்ட வேண்டியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இங்கே வந்தது. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு நல்ல கார் வாங்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 40 ஒரு நிபந்தனை போடுகிறது: உரிமையாளர் குடியிருக்கும் இடத்தில், அல்லது தொழில் நடத்தும் இடத்தில், வண்டியை வழக்கமாக நிறுத்தி வைக்கும் மாநிலத்தில்தான் பதிய வேண்டும். பிரிவு 47 இன்னொன்று: வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும். ஆகவே கொச்சிக்காரர் புதுச்சேரி எண் வாங்க ஒரு புதுச்சேரி முகவரி வேண்டும். முகவரிச் சான்றுக்கு மத்திய விதிகளே நீண்ட பட்டியல் கொடுத்திருக்கின்றன: வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், எல்.ஐ.சி. பாலிசி, நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம். அன்று நம் ஊரில் ஒரு வாடகை ரசீது, ஒரு பாலிசி இருந்தால் நூறடிச் சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை முடிந்துவிடும். வண்டி வந்து நின்று காட்டிவிட்டுப் போகும். முகவரி இங்கேயே தங்கிவிடும்.

2017 இறுதியில் மலையாளத் திரையுலகப் பிரமுகர்கள் சிலரின் கார்கள் புதுச்சேரி முகவரிகளில் பதிவாகியிருப்பது கேரளப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அந்த முகவரிகளில் குடியிருந்தவர்களுக்கே அந்தக் கார்களைப் பற்றித் தெரியவில்லை என்று செய்தி. கேரளக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி விசாரணை கேட்டார். முதல்வர் நாராயணசாமியின் அரசு, ஆவணம் சரியாக இருந்தால் பதிவு செய்வதுதான் அலுவலகத்தின் வேலை, வண்டி எங்கே ஓடுகிறது என்று பின்தொடர்வது அல்ல என்ற பக்கம் நின்றது. இருவருக்கும் ஏற்கெனவே எல்லாவற்றிலும் இழுபறி. அதில் இதுவும் ஒன்றாயிற்று. கர்நாடகம் வேறு வழியில் முயன்றிருந்தது. வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் தங்கினாலே ஆயுள் வரி என்று 2014-ல் சட்டத்தைத் திருத்தியது; 2016-ல் உயர்நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது.

அறம் பேசுவது சுலபம். ஆனால் புதுச்சேரி கருவூலத்தின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். இந்த வகைக் கார் வரி கட்டும், நம் சாலையில் ஓடாது, குழி விழவைக்காது, விபத்து செய்யாது, நிறுத்த இடம் கேட்காது. இதைவிடச் சாதுவான வரிதாரர் எங்கே கிடைப்பார்? பாகூர் ஏரிக்கரைச் சாலையைத் தேய்ப்பது கரும்பு டிராக்டர்தான். கோடி ரூபாய்க் காரின் சுமை கேரளச் சாலைக்கு, காசு நமக்கு. கேரளம் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. நமக்கு வெட்கப்பட அவசரம் இல்லாததற்கும் காரணம் உண்டு.

எல்லைக்கோட்டை விற்றுப் பிழைப்பது இங்கே நேற்று வந்த பழக்கமில்லை. நம் கொம்யூன்களின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புதுச்சேரி ஒரே துண்டு நிலமில்லை. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் கண்டமங்கலத்தில் தமிழ்நாடு வரும், திருபுவனையில் மறுபடி புதுச்சேரி வரும், மதகடிப்பட்டைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பாகூர் பக்கம் கடலூர் சாலையில் கன்னியக்கோயிலையும் முள்ளோடையையும் தாண்டியதும் வேறு ஆட்சி. 1941-ல் பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்க ஒப்பந்தம் ஏற்பட்டது. 1949-ல் சுதந்திர இந்தியா அதை முறித்ததும், இந்தச் சிதறிய துண்டுகளைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் முளைத்தன. தன் ஊரிலிருந்து தன் தலைநகருக்குப் போகும் பாகூர் விவசாயி நடுவில் இந்தியச் சுங்கக்காரரிடம் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. 1954 வரையிலான அந்த ஐந்து வருஷத்தில் தங்கமும் கைக்கடிகாரமும் வைரமும் இதே வரப்புகள் வழியாக அந்தப் பக்கம் போயின. அன்று கடந்தது சரக்கு. இன்று சரக்குக்குப் பதிலாக ஓர் எண் கடக்கிறது, வண்டி அதன் ஊரிலேயே நிற்க.

சட்டமும் இப்போது இந்த வகை வண்டிகளின் சுபாவத்தைப் புரிந்துகொண்டுவிட்டது. 2021-ல் மத்திய அரசு பழமை வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய, உருமாறாத வண்டிக்கு மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்று எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். 2025-ல் இறக்குமதி விதியும் தளர்ந்தது. முன்பு 1950-க்கு முந்தைய வண்டி என்றிருந்ததை, 50 ஆண்டு ஆன எந்த வண்டியும் என்று மாற்றினார்கள். இந்தக் கணக்கில் 507 கார்கள் அத்தனையும் தகுதி பெற்றுவிட்டன. 2000-ல் சாலைக்கு வந்த இசட் 8-க்கு 2050 வரை பொறுக்க வேண்டும். கம்பெனி உதிரிபாகம் வைத்திருப்பதாகச் சொன்ன 50 ஆண்டும் ஏறக்குறைய அப்போதுதான் முடியும்.

2023 நவம்பரில் தமிழ்நாடும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கான ஆயுள் வரியை 20 சதவீதமாக்கியது. அதற்கு முன் வரி வித்தியாசத்துக்காகக் கொச்சியிலிருந்து கிளம்பியவர்களின் பார்வை இங்கே இருந்தது. இப்போது கடலூரும் விழுப்புரமும் சென்னையும் அதே கணக்கைப் போடுகின்றன. கடலூர்க்காரர்களுக்கு எல்லை நடந்து போகும் தூரம். எண்ணுக்காக வரும் கோடீஸ்வரர்கள் சிலர்தான். பெட்ரோலுக்காக ஒவ்வொரு நாளும் அதே எல்லையைத் தாண்டி வரும் ஸ்கூட்டர்கள் எத்தனை! முள்ளோடை பெட்ரோல் பங்க்குகளில் மாலை ஆறு மணிக்கு நிற்கும் வரிசையும், அது எந்த ஆண்டு எப்படித் தொடங்கியது என்பதும் அடுத்த இதழில்.